மூலமும் வழுவும்

எழுத்துக்கு இலக்கணம் கூறப் புகுந்த நன்னூலார், எழுத்தின் எண்ணையும் பெயரையும் சொன்னதோடு அமையவில்லை. அவற்றின் முறையையும் ஒரு பகுதியாக வைத்து விளக்கினார். எழுத்துகள் சிறப்பும் இனமும் பற்றியே ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன என்பது அவர் கருத்து. இந்த முறைதான் அகராதிக்கு உயிர். 1732இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதி, 1842இல் மானிப்பாயிலிருந்து வெளிவந்த யாழ்ப்பாண அகராதி, 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் பகுதி பகுதியாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி ஆகிய யாவும், சொல்லைத் தேடுவோன் எழுத்தின் முறையை அறிவான் என்ற நம்பிக்கையின் மேலேயே எழுந்தவை.

அந்த முறையை இன்று யார் காக்கின்றனர்? நூலின் சொல்லடைவையும், பள்ளிக்கூடத்துப் பெயர்ப்பட்டியலையும், நூலகத்து நூற்பட்டியலையும் இன்று வரிசைப்படுத்துவது கணினி. அண்மையில் என் கைக்கு வந்த ஓர் ஆய்வு நூலின் இறுதியில் இருந்த சொல்லடைவைப் புரட்டினேன். அதிலே னகரச் சொற்கள் ரகரச் சொற்களுக்கு முன்னே நின்றன. ஆசிரியரோ பதிப்பாளரோ அதனைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கணினி அடுக்கிக் கொடுத்தது; அவர்கள் அச்சிட்டனர். இவ்வாறு ஓர் இருபதாண்டு சென்றால், கணினியின் முறையே தமிழின் முறை என்று நம் மாணவர் நம்பத் தொடங்குவர். இந்த அச்சமே இக்கட்டுரைக்குக் காரணம்.

நெய்தலும் மருதமும் தந்த சொற்கள்

கல்முனைக்குடிக்கு ஒரு புறம் கடல், மறுபுறம் வயல். கடற்கரையிலே கரைவலை இழுப்போரும் வட்டையிலே வேளாண்மை செய்வோரும் வழங்கும் சொற்கள் பல எந்த அகராதியிலும் முழுமையாக ஏறவில்லை. முல்லைக்காரன், வட்டவிதானை, போடியார் என்னும் வயற்சொற்களும், கச்சான், சோழகம், வாடை, கொண்டல் என்னும் காற்றின் பெயர்களும், வாப்பா, ராத்தா, மூத்தம்மா என்னும் உறவுமுறைச் சொற்களும் இவ்வூரார் நாவிலே வாழ்கின்றன. 2004 டிசம்பர் 26ஆம் நாட் கடல்கோள் இக்கரையில் முதியோர் பலரைக் கொண்டு சென்றது. அவர்களோடு சென்ற சொற்களுக்குக் கணக்கில்லை.

எஞ்சியவற்றையேனும் ஏட்டிலேற்ற வேண்டுமென்று எங்கள் மாணவர் சிலர் முன்வந்தனர். சில நூறு சொற்களைத் திரட்டிக் கணினியிலும் ஏற்றினர். அவற்றை அகர வரிசையில் அடுக்குமாறு பைதன் என்னும் கணினி மொழியிலே ஓர் ஏவலும் எழுதினர். வகரத்திலே வந்த சொற்களைக் கணினி அடுக்கிய முறை இது: வடக்கு, வட்டை, வனம், வரம்பு, வறுவல், வலை, வள்ளம், வழி.

தமிழ் முறை யாது? வட்டை, வடக்கு, வரம்பு, வலை, வழி, வள்ளம், வறுவல், வனம். டகரப் புள்ளியெழுத்து டகர உயிர்மெய்க்கு முன் வரவேண்டும். ஆதலால் வட்டை முன்னும் வடக்குப் பின்னும் நிற்றல் முறை. யரலவழள என்னும் இடையினம் முடிந்த பின்னரே றகரமும் னகரமும் வருவன. ஆதலால் வனம் இறுதியில் நிற்க வேண்டும். கணினியோ அதனை இடையிலே புகுத்திவிட்டது. இவ்வளவும் அன்றி, ஜனாஸா என்னும் சொல்லைச் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவே செருகியிருந்தது. வடவெழுத்துச் சொற்களை னகரத்தின் பின் இறுதியில் வைப்பதே பேரகராதிகளில் நாம் கண்ட மரபு.

இதற்குக் காரணம் கணினியின் அறியாமையன்று. உலக மொழிகளின் எழுத்துகள் அனைத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோட் என்னும் ஒருங்குறித் திட்டம் 1991இல் முதன்முதலாக வெளியிடப்பட்டது. இந்திய மொழிகளுக்கு அத்திட்டம் 1988ஆம் ஆண்டின் இஸ்கி என்னும் இந்தியக் குறியீட்டைத் தழுவியது. அங்கே தேவநாகரியின் அடுக்கை ஒட்டியே பிற மொழிகளின் எழுத்துகளும் அமர்த்தப்பட்டன. அதனால் னகரம் நகரத்தின் பக்கத்திலும், றகரம் ரகரத்தின் பக்கத்திலும், ழகரம் ளகரத்தின் பக்கத்திலும் போய் அமர்ந்தன. பைதன் தானாக அடுக்கும்போது அந்த எண்களைப் பார்க்கிறதேயன்றித் தமிழைப் பார்ப்பதில்லை.

யூனிகோட்டார் இதனை அறியாதவரல்லர். எண் வரிசை வேறு, மொழியின் அகர வரிசை வேறு என்று கூறி, அகர வரிசைக்கெனத் தனி விதிகளை அவர்களே வகுத்துள்ளனர். அவ்விதிகளை நடைமுறைப்படுத்தும் நூலகம் ஒன்றை ஐபிஎம் நிறுவனம் 1999இல் மூலத்தோடு உலகுக்குத் திறந்து கொடுத்தது. அதன் பெயர் ஐசியு. அதனைப் பைதனிலிருந்து அழைக்க உதவுவது பைஐசியு என்னும் மொடியூல். மொடியூல் என்பது ஒரு மொழிக்கு வேண்டும்போது சேர்த்துக்கொள்ளும் துணைக்கூறு. மருந்து இன்னதென்று இவ்வாறு தெரிந்துவிட்டது. அதனைக் கணினிக்குள் இறக்குவதிலேதான் எங்கள் மாணவர் இடர்ப்பட்டனர்.

மூலமென்பது நூல், தறியும் வேண்டும்

தமிழிலே மூலமும் உரையும் என்று சொல்லிப் பழகியவர் நாம். கணினியுலகிலும் மூலம் உண்டு. மனிதர் எழுதி மனிதர் படிக்கக்கூடிய நிலையில் உள்ளதே மூலம். அதனைக் கணினி விளங்கும் வடிவுக்கு மாற்றிக் கட்டித் தந்துவிட்டால் அது ஆயத்தப் பொதி. எங்கள் அயலூரான மருதமுனை கைத்தறிக்குப் பெயர்பெற்றது. கடையில் வாங்கும் புடவை ஆயத்தப் பொதி. கையில் வாங்கும் நூல் மூலம். நூலை வாங்கியவன் வீட்டிலே தறி வேண்டும். நெய்யத் தெரியவும் வேண்டும். பைஐசியு பெரும்பாலும் மூலமாகவே வழங்கப்பட்டு வருகிறது. வேண்டுவோர் தத்தம் கணினியில் நெய்துகொள்ள வேண்டும்.

ஆயத்தமாகக் கிடைப்பதை வாங்குவது குற்றமன்று. டெபியன் என்னும் லினக்ஸ் வகையினர் இம்மொடியூலை ஆயத்தமாகவும் வைத்திருக்கின்றனர். அது போதுமானவர் அதனை எடுத்துக்கொள்ளலாம். எங்கள் மாணவர் இப்பணிக்கெனத் தனியிடம் வகுத்து, அதற்குள்ளே யாவற்றையும் வைத்துக்கொள்ள விரும்பினர். ஆதலின் மூலத்திலிருந்தே நிறுவினோம். ஆயத்தப் பொதி இல்லாத வேறொரு மொடியூல் நாளை தேவைப்படலாம். அப்போதும் இப்பயிற்சி உதவும் என்பது என் எண்ணம்.

வழுவைப் படிக்கும் முறை

மாணவன் ஒருவன் பிப் என்னும் நிறுவுகருவிக்கு ஏவல் கொடுத்தான். திரை நிறைய ஆங்கில வரிகள் ஓடி நின்றன. "சேர், இது பைதன்ட பிழையா, எங்கட பிழையா?" என்று கேட்டான். நல்ல வினா. ஆயினும் அதற்கு முன் வைக்க வேண்டிய வினா வேறொன்று உண்டு: இஃது என்ன பிழை?

நம் கணினிப் பாடநூல்கள் பிழையை வழு என்று வழங்குகின்றன. அச்சொல் இலக்கணத்திலிருந்து சென்றது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு எழுவகைப்படும் என்று நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். ஒரு தொடர் பிழையென்று சொன்னவுடன் ஆசிரியர் கேட்பது, எவ்வகை வழு என்பதையே. வகை தெரிந்தாற் திருத்தம் தானே தெரியும். வகையறியாமற் திருத்தப் புகுவோன் நல்ல சொல்லையும் கெடுப்பான். கணினி முன் அமர்ந்த மாணவர் இதனை மறந்துவிடுகின்றனர். வழுச்செய்தியைப் படியாமலே அதே ஏவலை மீண்டும் மீண்டும் கொடுக்கின்றனர்; அல்லது எங்கோ கண்ட ஓர் ஏவலைப் பொருளறியாது படியெடுத்து இடுகின்றனர்.

வழுச்செய்தி நீளமாயினும் அதன் கருவரி ஒன்றே. அதனைக் கண்டெடுக்க இரண்டு விதிகள் உள. பைதன் தானே வழுவைச் சொல்லும்போது, எந்த ஏவல் எந்த ஏவலை அழைத்தது என்று புறத்திலிருந்து அகம் நோக்கி வரிசையாகச் சொல்லி, இறுதி வரியிலே காரணத்தை வைக்கும். ஆகவே கடைசி வரியை முதலிற் படிக்க வேண்டும். மூலத்தைக் கணினி வடிவுக்கு மாற்றும் தொகுப்பான் சொல்லும்போதோ, முதலில் நேர்ந்த ஒரு குறை பின்னே நூறு குறைகளைப் பெறும். ஆகவே அங்கே முதல் வழுவைப் படிக்க வேண்டும். இவ்விரண்டையும் மாறிப் படிப்பவர் மணிக்கணக்கில் அலைவர்.

பிப் தரும் செய்தியின் முடிவிலே, இவ்வழு ஒரு துணைவினையிலே தோன்றியது, பெரும்பாலும் பிப்பின் குறையன்று என்ற குறிப்பும் வரும். செய்தி கொணர்ந்த தூதனைக் கடியாது, செய்தியைக் கேள் என்று அதனைப் பொருள்கொள்ளலாம்.

நால்வகை வழு

எங்களுக்கு நேர்ந்த வழுக்களை நால்வகையாகப் பகுத்தோம். இலக்கண நூலின் பெயர்களைச் சிறிது நெகிழ்த்தி இரவல் வாங்கிக்கொண்டோம்.

முதலாவது இடவழு. இலக்கணத்தில் இடம் என்பது தன்மை முன்னிலை படர்க்கை, ஈண்டு வைக்குமிடம். எங்கள் கணினியில் இருந்தது 2023இல் வெளிவந்த டெபியன் 12. அது, இச்சூழல் புறத்தாரால் நிருவகிக்கப்படுகிறது என்று சொல்லி, பிப்பின் ஏவலை ஏற்க மறுத்தது. கணினியின் சொந்தப் பணிகள் பல பைதனையே நம்பி நடப்பன. வெளியிலிருந்து கொணர்ந்ததை அவற்றோடு கலந்தால் அவை கெடக்கூடும். ஆதலின் இத்தடை. இதற்குத் திருத்தம், வென்வ் என்னும் கருவியால் நமக்கெனத் தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள் நிறுவுதலாம். பொது வட்டையிலே கைவைக்காமல் நம் சொந்த வரவைக்குள் விதைப்பது போன்றது இது.

தடையை மீற ஓர் ஏவலும் உண்டு. அதன் பெயரே, கணினியின் பொதிகளை உடை என்று பொருள்படும். பலர் அதனைச் சேர்த்து ஏவிவிட்டு, வேலை முடிந்தது என்பர். இலக்கணத்தில் வழுவமைதி உண்டு. வழுவாயினும் தக்க காரணம் பற்றி அமைத்துக்கொள்வது அது. உவப்பினால் உயர்திணையாகச் சொல்லப்படும் பசுவுக்குக் காரணம் உண்டு. காரணமின்றி அமைப்பது வழுவமைதியாகாது. வழுவை மூடி வைத்ததாகும்.

இரண்டாவது இன்மை வழு. எழுவகையில் அடங்காத இதற்கு மாணவரே பெயரிட்டனர். தனிச்சூழலுக்குள் நின்று மீண்டும் ஏவியபோது, பிகேஜி-கொன்ஃபிக் என்பதை நிறுவுக, அல்லது உம்மிடமுள்ள ஐசியுவின் பதிப்பெண்ணைச் சொல்லுக என்ற செய்தி வந்தது. அதாவது, பைஐசியு என்பது ஐசியுவுக்குச் செல்லும் வாயிலே. வாயிலைக் கட்ட வந்தவன், வீடு எங்கே என்று வினவுகிறான். அவ்வினாவுக்கு விடை சொல்லும் கருவியே பிகேஜி-கொன்ஃபிக். அதனையும், லிப்ஐசியு-டெவ் என்னும் பொதியையும் நிறுவினோம்.

இங்கே நுணுக்கம் ஒன்று உண்டு. ஐசியு நூலகம் அக்கணினியில் முன்னரே இருந்தது. இருந்தும் ஏன் போதவில்லை? இயங்குவதற்கு வேண்டியது வேறு. நெய்வதற்கு வேண்டியது வேறு. நெய்வோனுக்கு, நூலகத்தில் என்னென்ன உண்டு என்று அறிவிக்கும் தலைப்புக் கோப்புகள் வேண்டும். பாட்டைக் கேட்பவனுக்குப் பாட்டு மட்டும் போதும். பாடப் பழகுபவனுக்குச் சுரக்குறிப்பும் வேண்டும். பொதிப் பெயரின் ஈற்றில் டெவ் என்று வருமாயின், தலைப்புக் கோப்புகள் அதனுள் உள என்று அறிக.

அடுத்து, ஜி பிளஸ் பிளஸ் என்னும் தொகுப்பான் இல்லையென்று வந்தது. ஐசியு சி பிளஸ் பிளஸ் மொழியில் அமைந்தது. அதனை நெய்யும் தறி இதுவே. பில்ட்-எசென்ஷியல் என்னும் பொதியால் தறி வந்தது. தறி வந்ததும், பைதன்.எச் என்னும் கோப்பு இல்லையென்று வந்தது. இது பைதனின் தலைப்புக் கோப்பு. பைதன்3-டெவ் என்னும் பொதியால் அக்குறையும் தீர்ந்தது. ஒவ்வொரு திருத்தத்தின் பின்னும் வழுச்செய்தி மாறிக்கொண்டே வந்ததைக் கண்ட மாணவர் மனந்தளர்ந்தனர். நான் அவர்களுக்குச் சொன்னது இது: அதே வழு மீண்டும் வருமாயின் நாம் நின்ற இடத்திலேயே நிற்கிறோம், புதிய வழு வருமாயின் ஒரு படி ஏறியுள்ளோம்.

மூன்றாவது மரபு வழு. நிறுவல் நிறைவுற்றது என்ற செய்தி வந்தபின், மாணவன் பைதனுக்குள் புகுந்து பைஐசியுவை அழைத்தான். அப்படியொரு மொடியூல் இல்லையென்று விடை வந்தது. அனைவரும் திகைத்தனர். பொதியின் பெயர் பைஐசியு. அதனை அழைக்க வேண்டிய பெயரோ வெறும் ஐசியு. பதிவேட்டில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயரும் உடையவரை நாம் அறியோமா? எதனை எப்பெயரால் வழங்குவது என்பது மரபு. அதனை ஊகிக்க இயலாது. ஆசிரியர் எழுதிவைத்த குறிப்பைப் படித்தே அறிய வேண்டும்.

நான்காவது கால வழு. இது வேறொரு கணினியில் நேர்ந்தது, நால்வகையினும் வஞ்சகமானது. நிறுவல் முடிந்தது, பெயரும் சரி. ஆனால் அழைத்தவுடன், இன்ன குறி வரையறுக்கப்படவில்லை என்று வந்தது. ஐசியு தன் உள்ளுறுப்புகளின் பெயரோடு பதிப்பெண்ணையும் ஒட்டி வைப்பது வழக்கம். டெபியன் 12இல் உள்ளது 72, உபுண்டு 24.04இல் உள்ளது 74. ஒரே கணினியில் இரு பதிப்புகள் இருப்பின், ஒன்றைப் பார்த்து நெய்த மொடியூல் மற்றொன்றிடம் போய்த் தன் எண் ஒட்டிய பெயரைக் கேட்கும். அது அங்கே இராது. அனகொண்டா போன்ற தொகுதியை நிறுவியோர் கணினியில் இந்நிலை எளிதில் நேரும், அது தன் ஐசியுவைத் தானே கொணரக்கூடுமாதலால். இதற்குத் திருத்தம், எந்த ஐசியு வேண்டுமென்று முதலில் தீர்மானித்து, அதனைப் பார்த்து மீண்டும் நெய்தலாம். பிப் முன்பு நெய்ததைச் சேமித்து வைத்துக்கொண்டு, கேட்கும்போது அதனையே எடுத்துக் கொடுக்கும். ஆதலின் சேமிப்பைப் பயன்படுத்தாதே என்று ஏவலிலே சொல்லவும் வேண்டும். இதனைச் சொல்லாது பத்து முறை நிறுவினும் பழைய துணியே மடித்து வரும்.

முறை மீண்டது

இவ்வளவுக்கும் பின், தமிழுக்குரிய வரிசையாக்கியை அழைத்து, எங்கள் சொற்களை அதனிடம் கொடுத்தோம். வட்டை முன் வந்தது. வடக்குப் பின் வந்தது. வரம்பு, வலை, வழி, வள்ளம், வறுவல் என்று நடந்து வனத்தில் முடிந்தது. ஜனாஸா, ஸலாம், ஹாஜியார் என்னும் சொற்கள் னகரத்தின் பின்னே தமக்குரிய இடத்தில் அமர்ந்தன. நன்னூல் கற்ற மாணவன் அப்பட்டியலில் எச்சொல்லையும் இனித் தேடாமலே எடுப்பான்.

தமிழர் இத்துறையிலே வெறுங்கையராய் நிற்கவில்லை என்பதையும் ஈண்டுக் கூறுதல் தகும். முத்து அண்ணாமலை என்பார் எழில் என்னும் தமிழ்க் கணினி மொழியை உருவாக்கி, 2009இல் அதனைப் பற்றிய ஆய்வுரையையும் வெளியிட்டார். அவரும் பிறரும் கூடி வளர்த்த ஓப்பன்-தமிழ் என்னும் பைதன் பொதி, தமிழ் என்னும் சொல்லுக்கு எழுத்து மூன்று என்று சரியாகச் சொல்லும். பைதனைத் தனியே கேட்டால் ஐந்து என்னும். மிகரத்தின் மேல்விலங்கையும் ழகரத்தின் புள்ளியையும் தனித்தனியே எண்ணுமாதலால். யாப்பிலக்கணம் கற்பிப்போர்க்கு இத்தகைய கருவி பெருந்துணை. ஓப்பன்-தமிழின் மூலமும் திறந்தே இருக்கிறது. எவரும் படிக்கலாம், திருத்தலாம், கூட்டலாம்.

மூலம் திறந்திருந்தும் நாம் அதனைத் திறவாதிருப்பதே குறை. வழுச்செய்தி ஆங்கிலத்தில் வருகிறது, நம் மாணவர்க்கு விளங்காது என்பர் சிலர். வழுச்செய்தியில் மீண்டும் மீண்டும் வரும் தொடர்கள் சிலவே. கோப்பு இல்லை, ஏவல் காணப்படவில்லை, உரிமை மறுக்கப்பட்டது, குறி வரையறுக்கப்படவில்லை, பதிப்புப் பொருந்தவில்லை என்னும் பொருளுடையன அவை. புறநானூற்றுக்கு அருஞ்சொற்பொருள் எழுதிப் படிக்கும் மாணவனுக்கு இவற்றின் பொருளை ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது கடினமாகுமா?

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். மாணவன் கையில் ஒரு குறிப்பேடு கொடுங்கள். அதில் நான்கு பத்திகள் இருக்கட்டும்: கொடுத்த ஏவல், வந்த விடை, வழுவின் வகை, செய்த மாற்றம். ஒரு வேளைக்கு ஒரு மாற்றமே செய்யச் சொல்லுங்கள். இரண்டு மாற்றங்களை ஒருங்கே செய்தவன், எதனால் நோய் தீர்ந்தது என்பதை ஒருநாளும் அறியான். எங்கள் மாணவரின் குறிப்பேடு இப்போது அடுத்த வகுப்பாரின் கைக்குச் சென்றிருக்கிறது. அவர்கள் வேறொரு கணினியில், எங்களுக்கு ஒரு கிழமை பிடித்த வேலையை ஒரு பிற்பகலில் முடித்தனர். மூலத்துக்கு உரை எழுதுவது என்பது இதுவன்றி வேறென்ன?

கருவி செய்வோர் உலகெங்கும் உளர். அவர்கள் தமிழ் முறையையும் கருதிக் கருவி செய்து வைத்திருக்கின்றனர் என்பதை இச்சிறு முயற்சி எங்களுக்குக் காட்டிற்று. அதனை எடுத்து நிறுவி, வழு வந்தால் வகை தெரிந்து திருத்தி, நம் சொற்களை நம் முறையில் அடுக்கிக்கொள்ளும் கடமை நம்முடையது. அக்கடமையைத் தமிழாசிரியர் கணினி ஆசிரியரிடமும், கணினி ஆசிரியர் தமிழாசிரியரிடமும் தள்ளிவிடாது இருவரும் ஒரே மேசையில் அமர்வாராயின், னகரம் தனக்குரிய இடத்தில் நிற்கும் என்பது என் துணிபு.